அடைவூக்கத்தில் ஆண், பெண் வேறுபாடு உண்டா? எம்.எட். மாணவி ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: "எம்.எட். ஆய்வுக்காகக் கல்லூரி மாணவர்களின் அடைவூக்கத்தைப் பாலினம், பாடப்பிரிவு அடிப்படையில் ஒப்பிடும் தலைப்பை எடுத்திருக்கிறேன். கலை, அறிவியல், பொறியியல் என்று மூன்று வகைக் கல்லூரிகளிலும் தரவு திரட்டப் போகிறேன். முந்தைய ஆய்வுகளைப் புரட்டினால் ஆண்களுக்கு அதிகம் என்கிறது ஒன்று, பெண்களுக்கு அதிகம் என்கிறது இன்னொன்று, வேறுபாடே இல்லை என்கிறது வேறொன்று. எது சரி? கலைப்பிரிவு மாணவர்களைவிடப் பொறியியல் மாணவர்களுக்கு ஊக்கம் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாமா?"

மூன்றுமே சரியாக இருக்கலாம். அவரவர் போன கல்லூரியில், அவரவர் கையில் இருந்த அளவுகோலில் அப்படித்தான் வந்திருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடைவூக்கம், அதாவது கடினமான ஒன்றைச் சாதிக்க வேண்டும் என்ற உந்துதல், ஆண், பெண் என்ற ஒரே காரணத்தால் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. பாடப்பிரிவால் வருகிற வேறுபாடு கொஞ்சம் பெரிதாகத் தெரியும். ஆனால் அதில் பெரும்பங்கு அந்தப் பாடம் உண்டாக்கியதல்ல. அந்த இருக்கைக்கு மாணவர் வந்து சேர்ந்த வழி உண்டாக்கியது. ஒரு மாணவி என்ன படிக்கிறாள் என்பதைவிட, அதைப் படிக்கலாம் என்று யார் முடிவு செய்தார்கள், படித்து முடித்தால் தனக்கு என்ன கிடைக்கும் என்று அவள் நம்புகிறாள் என்பவைதான் அவள் ஊக்கத்தை அதிகம் தீர்மானிக்கின்றன. உங்கள் தகவல் படிவத்தில் இந்த இரண்டு கேள்விகளும் இல்லையென்றால், எத்தனை கல்லூரி ஏறி இறங்கினாலும் முந்தைய ஆய்வுகளின் குழப்பத்தில் இன்னொன்று கூடும், அவ்வளவுதான்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். அடைவூக்கம் என்ற கருத்தாக்கத்துக்கு அடித்தளம் போட்டவர் உளவியலாளர் ஹென்றி மர்ரே. கடினமான ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும், தடையைத் தாண்ட வேண்டும், நேற்றைய தன்னையே மிஞ்ச வேண்டும் என்கிற தேவையை 1938-இல் மனிதத் தேவைகளின் பட்டியலில் ஒன்றாக வைத்தார். அதை அளக்கக்கூடிய ஒன்றாக ஆக்கியவர்கள் டேவிட் மெக்லெலண்டும் அவருடைய குழுவினரும். 1953-இல் நூலாகவே கொண்டுவந்தார்கள். தெளிவில்லாத ஒரு படத்தைக் காட்டி, அதற்கு ஒரு கதை எழுதச் சொல்வார்கள். கதையில் வருகிறவர் எதையாவது நன்றாகச் செய்து காட்டத் துடிக்கிறாரா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். இன்று நாம் கொடுக்கிற கூற்றுப் படிவத்துக்கும் இதற்கும் நிறைய தூரம். படத்துக்குக் கதை எழுதும்போது வெளிப்படுவது ஒன்று. "நான் கடினமாக உழைப்பவன்" என்ற வரிக்கு நேரே டிக் போடும்போது வெளிப்படுவது வேறொன்று. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துக்கொண்டு முடிவுகளை ஒப்பிடுவதால்தான் பாதிக் குழப்பம்.

மெக்லெலண்டோடு வேலை பார்த்த ஜான் அட்கின்சனின் வளைய விளையாட்டை உங்கள் வகுப்பில் பாடமாகவே நடத்தியிருப்பார்கள். நட்டு வைத்த குச்சியில் வளையத்தை எறிந்து மாட்ட வேண்டும். எங்கே நின்று எறிவது என்பது எறிபவர் விருப்பம். அடைவூக்கம் மிகுந்தவர்கள் நடுத்தரத் தூரத்தில் நின்றார்கள். குச்சிக்குப் பக்கத்திலேயே நின்றால் மாட்டுவதில் பெருமை இல்லை. எட்டாத தூரத்தில் நின்றால் மாட்டுவது அதிர்ஷ்டம். தன் முயற்சியால் முடிவு மாறும் என்ற இடத்தில்தான் இந்த ஊக்கம் விழித்துக்கொள்கிறது. அட்கின்சன் 1957-இல் இதை ஒரு சூத்திரமாகவே எழுதினார்: ஊக்கம், வெற்றி வாய்ப்பு, அந்த வெற்றிக்கு இருக்கிற மதிப்பு, மூன்றையும் பெருக்க வேண்டும். பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். வாய்ப்பு பூஜ்யம் என்று ஒருவர் உறுதியாக நம்பிவிட்டால் மற்ற இரண்டும் எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம்தான்.

இந்த ஆரம்பகால ஆய்வுகளில் பெண்கள் கிட்டத்தட்ட ஓரத்தில்தான் இருந்தார்கள். ஆண்களிடம் போட்டி மனநிலையைத் தூண்டிவிட்டால் கதைகளில் மதிப்பெண் ஏறியது. பெண்களிடம் அதே மாதிரி ஏறவில்லை. ஏன் என்று தோண்டிப் பார்ப்பதற்குப் பதிலாக, ஆண்களை வைத்தே கோட்பாட்டைக் கட்டி முடித்தார்கள்.

அதைத் தோண்டியவர் மட்டீனா ஹார்னர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1968-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு அது. மாணவிகளுக்கு அவர் கொடுத்தது ஒரே ஒரு வரி: முதல் பருவத் தேர்வு முடிந்ததும், மருத்துவக் கல்லூரியில் தன் வகுப்பிலேயே தான் முதலிடத்தில் இருப்பதை ஆன் காண்கிறாள். இதைத் தொடர்ந்து கதை எழுத வேண்டும். மாணவர்களுக்கும் அதே வரிதான். ஆன் என்ற இடத்தில் ஜான். ஜானின் கதைகள் பெரும்பாலும் மகிழ்ச்சியாக முடிந்தன. ஆனின் கதைகளில் அவள் தனிமையில் அழுதாள், தோழிகளை இழந்தாள், படிப்பை விட்டு விலகினாள். ஆன் என்று ஒருத்தியே இல்லை, மாணவர்கள் சேர்ந்து உருவாக்கிய பொய்ப்பெயர் அது என்றுகூட ஒரு மாணவி எழுதினாள். பெண்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் இப்படி எழுத, ஆண்களில் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. பெண்களுக்கு வெற்றியைக் கண்டே ஒரு பயம் இருக்கிறது என்றார் ஹார்னர்.

இதோடு நிறுத்திவிடுகிற ஆய்வேடுகள் நம்மிடம் நிறைய. அடுத்து நடந்தது இதைவிட முக்கியம். 1974-இல் வேறு ஆய்வாளர்கள் பள்ளி மாணவர்களிடம் போனார்கள். ஆனைப் பற்றியும் ஜானைப் பற்றியும் இருபாலரையுமே எழுத வைத்தார்கள். ஆனைப் பற்றிப் பையன்கள் எழுதிய கதைகளிலும் அதே இருட்டு இருந்தது, பெண்கள் எழுதியதைவிட அதிகமாகவே. அப்படியென்றால் அந்தப் பயம் பெண்ணின் மனதுக்குள் மட்டும் குடியிருக்கிற ஒன்றில்லை. முதலிடம் பிடிக்கிற பெண்ணுக்கு ஊர் என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதைக் கதையாக எழுதினார்கள். ஹார்னரை மேற்கோள் காட்டுவதானால் இதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

அடைவூக்கத்தை ஒற்றை எண்ணாகப் பார்க்காமல் பிரித்துப் பார்த்த ஜேனட் ஸ்பென்ஸ், ராபர்ட் ஹெல்ம்ரைக் இருவரின் வேலை உங்களுக்கு நேரடியாகவே உதவும். 1970-களின் பிற்பகுதியில் அவர்கள் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: ஒழுங்காக உழைப்பதில் நிறைவு, கடினமானதை எடுத்து வசப்படுத்தும் விருப்பம், பிறரை முந்தும் போட்டியுணர்வு. உழைப்பில் கல்லூரிப் பெண்கள் சற்று மேலே, மற்ற இரண்டிலும் ஆண்கள் மேலே வந்தார்கள். மூன்றையும் கூட்டி ஒரே மொத்தம் போட்டால் ஒன்றை ஒன்று அடித்துவிட்டு "வேறுபாடு இல்லை" என்று வரும். போட்டி பற்றிய கூற்றுகள் நிறைந்த அளவுகோல் என்றால் ஆண்களுக்கு அதிகம், ஒழுங்கும் உழைப்பும் நிறைந்த அளவுகோல் என்றால் பெண்களுக்கு அதிகம். நீங்கள் பார்த்த மூன்று விதமான முடிவுகளுக்கும் இதுவே ஒரு பெரிய விளக்கம். எனவே மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்தாமல் உட்பிரிவு வாரியாகவும் பாருங்கள்.

சரி, அந்தப் போட்டியுணர்வாவது ஆணின் பிறவிக்குணமா? நீடர்லே, வெஸ்டர்லண்ட் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்க மாணவர்களிடம் இரண்டிலக்க எண்களைக் கூட்டச் சொல்லி, கூலியைத் தனித்தனியாக வாங்குகிறீர்களா, போட்டி போட்டு வாங்குகிறீர்களா என்று கேட்டார்கள். 2007-இல் வெளிவந்த முடிவு: ஆண்களில் 73 விழுக்காட்டினரும் பெண்களில் 35 விழுக்காட்டினரும் போட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டல் திறமையில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. இதை மட்டும் படித்தால் "பார்த்தீர்களா, ஆண்கள் ஆண்கள்தான்" என்று தோன்றும். இரண்டே ஆண்டில் வேறொரு குழு இதே கேள்வியைத் தான்சானியாவின் மாசாய் மக்களிடமும் நம் மேகாலயாவின் காசி மக்களிடமும் கொண்டுபோனது. பந்தை 3 மீட்டர் தள்ளியிருக்கிற வாளிக்குள் 10 முறை எறிய வேண்டும். ஆண் கை ஓங்கிய மாசாய் சமூகத்தில் ஆண்களில் 50, பெண்களில் 26 விழுக்காட்டினர் போட்டியை விரும்பினார்கள். தாய்வழிச் சொத்துரிமை உள்ள காசி மக்களிடம் தலைகீழ்: பெண்கள் 54, ஆண்கள் 39. சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பது போட்டிக்குத் துணிகிற மனதையே மாற்றுகிறது என்றால், பாலினம் என்று நாம் படிவத்தில் போடுகிற ஒரு டிக் குறிக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இனி பாடப்பிரிவு. 2015-இல் சயன்ஸ் இதழில் சாரா-ஜேன் லெஸ்லி, ஆண்ட்ரே சிம்பியன் குழுவினர் அமெரிக்காவின் 30 துறைகளைச் சேர்ந்த 1,800-க்கும் மேற்பட்ட கல்வியாளர்களிடம் கேட்டார்கள்: உங்கள் துறையில் வெல்ல உழைப்பு போதுமா, பிறவி மேதைமை வேண்டுமா? மேதைமை வேண்டும் என்று அடித்துச் சொன்ன இயற்பியல், கணிதம், தத்துவம் போன்ற துறைகளில் முனைவர் பட்டம் பெறும் பெண்கள் குறைவாக இருந்தார்கள். தத்துவம் கலைப்பிரிவுதான் என்பதைக் கவனியுங்கள். கலை, அறிவியல் என்ற கோட்டைவிட "இது உனக்கு வருமா" என்று அந்தத் துறை கேட்கிற தொனி பெரிய கோடு.

ஆனால் இதை அப்படியே நம்மூருக்குத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. நம் கலை அறிவியல் கல்லூரிகளில் பி.எஸ்சி. கணித வகுப்புகள் பலவற்றில் பெண்கள்தான் நிறைந்திருக்கிறார்கள். மேதைமை பற்றிய அச்சம் அவர்களைத் தடுக்கவில்லை. கணிதம், பிறகு பி.எட்., பிறகு ஆசிரியர் வேலை என்ற பாதை வீட்டுக்குத் தெரிந்த பாதை, வீட்டுக்குப் பக்கத்திலேயே முடிகிற பாதை. கணினியும் அப்படித்தான். அமெரிக்காவில் கணினி அறிவியல் இளநிலைப் பட்டங்களில் பெண்கள் பங்கு 1980-களின் நடுவில் 37 விழுக்காட்டைத் தொட்டு, பிறகு 20-க்கும் கீழே சரிந்தது. இந்தியாவிலோ அறைக்குள் உட்கார்ந்து செய்கிற, நல்ல சம்பளம் தருகிற, பெண்ணுக்கு ஏற்ற வேலை என்று குடும்பங்களே மகள்களை அதில் சேர்க்கின்றன. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் அறிவியல் பிரிவில் படிக்கிற 57.2 லட்சம் பேரில் 29.8 லட்சம் பேர் பெண்கள், அதாவது பாதிக்கு மேல். பொறியியலிலோ பத்தில் மூன்று பேர் அளவுதான். மூளை அதேதான், தேர்வு மதிப்பெண் பெண்களுக்குத்தான் அதிகம். மாறுவது கட்டணம், விடுதி, தூரம், யார் செலவு செய்வது என்கிற கணக்கு.

தேர்வு மதிப்பெண் என்றதும் ஒரு எச்சரிக்கை. 2024 பிளஸ் டூ தேர்வில் தமிழ்நாட்டு மாணவிகள் 96.44 விழுக்காடும் மாணவர்கள் 92.37 விழுக்காடும் தேர்ச்சி பெற்றார்கள். ஆண்டுதோறும் இதே வரிசைதான். இதை எடுத்துவைத்து "ஆகவே பெண்களுக்கு அடைவூக்கம் அதிகம்" என்று எழுதிவிடாதீர்கள். மதிப்பெண் என்பது அடைவு, நீங்கள் அளப்பது ஊக்கம். இடையில் பழக்கம், கண்காணிப்பு, வீட்டில் அடைந்து கிடக்க வேண்டிய மாலைகள் என்று நிறைய இருக்கின்றன.

இப்போது உங்கள் தரவுக்கு வருவோம். பாலினத்துக்கு ஒரு டி-சோதனை (இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் சோதனை), பாடப்பிரிவுக்கு ஒரு சோதனை என்று தனித்தனியாகப் போடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். பொறியியல் மாணவர்கள், ஆணோ பெண்ணோ, சராசரியாக 150 எடுக்கிறார்கள். கலைப்பிரிவில் ஆணோ பெண்ணோ 140. அதாவது பிரிவுக்குள் ஆண், பெண் வேறுபாடு துளியும் இல்லை. உங்கள் மாதிரியில் ஆண்களில் 70 விழுக்காட்டினர் பொறியியல், பெண்களில் 30 விழுக்காட்டினர் மட்டும் பொறியியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த ஆண்களின் சராசரி 147, பெண்களின் சராசரி 143. இல்லாத வேறுபாடு 4 புள்ளியாக முளைத்துவிட்டது.

அந்த 4 புள்ளி குறிப்பிடத்தக்கதா என்பதும் எத்தனை பேரைப் பிடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறியிருக்கிற அளவு, 20 என்றால், ஆண்கள் 100, பெண்கள் 100 பேரில் டி மதிப்பு 1.41, வேறுபாடு இல்லை என்று எழுதுவீர்கள். ஆண்கள் 300, பெண்கள் 300 பேரில் அதே 4 புள்ளிக்கு 2.45, 0.05 மட்டத்தில் வேறுபாடு உண்டு என்று எழுதுவீர்கள். மாணவர்கள் மாறவில்லை, எண்ணிக்கை மாறியது. இன்னும் ஒன்று: இந்த அளவு வேறுபாட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் எடுத்தால், நூற்றுக்கு 44 தடவை பெண்தான் மேலே இருப்பாள். "ஆண்களே ஊக்கம் மிக்கவர்கள்" என்ற தலைப்பை இது தாங்காது. ஆகவே பாலினத்தையும் பாடப்பிரிவையும் ஒரே நேரத்தில் பார்க்கிற இருவழி மாறுபாட்டுப் பகுப்பாய்வு போடுங்கள்; பாலினமும் பாடப்பிரிவும் சேர்ந்து உண்டாக்குகிற ஊடாட்டத்தைப் பாருங்கள்; விளைவின் அளவையும், அதாவது வேறுபாடு உண்மையில் எவ்வளவு பெரிது என்பதையும், பக்கத்திலேயே எழுதுங்கள். வைவாவில் கேட்கிறார்களோ இல்லையோ, படிக்கிறவருக்கு அது வேண்டும்.

அளவுகோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் அதிகம் புழங்குவது பிரதிபா தேவ், ஆஷா மோகன் இருவரும் 1985-இல் வெளியிட்டது: 50 கூற்றுகள், எப்போதும் என்பதிலிருந்து ஒருபோதும் இல்லை என்பதுவரை ஐந்து விடைகள், மொத்த மதிப்பெண் 200. கூற்றுகளில் சில எதிர்மறையானவை. அவற்றுக்கு மதிப்பெண் தலைகீழாகப் போட வேண்டும். கடைசி பீரியடில், துறைத்தலைவர் வாசலில் நிற்க, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற பதற்றத்தில் நிரப்பிய படிவங்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். பலவற்றில் டிக் ஒரே நெடுவரிசையில் மேலிருந்து கீழாக ஓடியிருக்கும். நேர்மறைக் கூற்றுக்கும் எதிர்மறைக் கூற்றுக்கும் ஒரே விடை போட்ட படிவத்தை ஒதுக்கிவிடுங்கள். இருபது நிமிடம் தனியாகக் கேட்டு வாங்கி, பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லி, ஆசிரியர்களை வெளியே இருக்கச் சொல்லுங்கள். தரவின் தரம் அங்கேதான் தீர்மானமாகிறது.

கலைப்பிரிவு மாணவர்களுக்கு இந்த அளவுகோல்கள் செய்கிற ஓர் அநியாயம் உண்டு. மனதை உறுத்துகிற விஷயம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். ஓய்வு நேரத்தையும் படிப்புக்கே செலவிடுகிறேன் என்ற வகையில் வருகிற கூற்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு கலைக் கல்லூரியில் முதல் ஷிஃப்ட் முடிந்ததும் ஜவுளிக்கடைக்கு ஓடி இரவு ஒன்பதரை வரை நின்று வேலை செய்கிற பையன், சனி ஞாயிறு கேட்டரிங் வேலைக்குப் போகிறவன், இதற்கு என்ன டிக் போடுவான்? "எப்போதாவது" என்று போடுவான், நேர்மையாக. விடுதியில் தங்கி, கல்விக்கடனில் படிக்கிற பொறியியல் மாணவன் "எப்போதும்" என்பான். 50 கூற்றுகளில் இப்படி ஏழெட்டு இருந்தாலே பிரிவுகளுக்கு இடையே சில புள்ளிகள் வந்துவிடும். நாம் அதற்குக் கலைப்பிரிவு மாணவர்களின் ஊக்கக் குறைவு என்று பெயர் வைக்கிறோம். தங்கையின் கட்டணத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு அரியர் இல்லாமல் மூன்றாம் ஆண்டுக்கு வருகிறவனைப் பார்த்து ஊக்கம் குறைந்தவன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. படிவத்தில் பகுதிநேர வேலை உண்டா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்.

பெண்களுக்கு வேறு மாதிரி. பி.எஸ்சி. கணிதத்தில் வகுப்பு முதலிடம் வாங்கிய ஒரு மாணவியிடம் அடுத்து என்ன என்று கேட்டேன். "எம்.எஸ்சி. படிக்கணும் மேம். வீட்ல கேக்கணும்" என்றாள். முதல் வாக்கியத்தைச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சொன்னாள், இரண்டாவதைச் சொல்லும்போது பார்வை வேறெங்கோ போனது. அளவுகோலில் முதல் வாக்கியத்துக்கு மதிப்பெண் உண்டு. இரண்டாவதைக் கேட்கிற கூற்றே கிடையாது.

முடிவு வேறொருவர் கையில் இருந்தால் ஊக்கம் செயலாகாது என்பதற்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. மெக்லெலண்டும் டேவிட் விண்டரும் 1960-களின் நடுவில் ஆந்திராவின் காக்கிநாடாவில் சிறுதொழில் செய்கிறவர்களுக்கு அடைவூக்கப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிடச் சுறுசுறுப்பாகப் புதுத்தொழில் தொடங்கினார்கள், முதலீடு செய்தார்கள், ஆள் சேர்த்தார்கள். பாடப்புத்தகத்தில் இதோடு முடித்துவிடுவார்கள். 1969-இல் வெளிவந்த அவர்களுடைய நூலில் இன்னொன்றும் உண்டு: தொழிலில் தானே முடிவெடுக்கிற இடத்தில் இருந்தவர்களிடம்தான் பயிற்சி தெளிவாக வேலை செய்தது. முடிவு அப்பாவிடமோ அண்ணனிடமோ இருந்தால், பயிற்சி தந்த ஊக்கம் செயலாக மாற வழியில்லை. அட்கின்சனின் பெருக்கல் கணக்கு இங்கே ஊருக்குள் வந்து நிற்கிறது. நம் மாணவிகளின் நிலையைப் புரிந்துகொள்ள வெளிநாட்டுக் கோட்பாடுகள் எல்லாவற்றையும்விட இந்த ஒரு முடிவு எனக்கு உதவியிருக்கிறது. தனக்குப் பிடிக்காத பொறியியலில் கட் ஆஃப் வந்துவிட்டது என்பதற்காகச் சேர்க்கப்பட்ட பையனுக்கும் இது அப்படியே பொருந்தும்.

பழைய ஆய்வுகளோடு உங்கள் முடிவை ஒப்பிடும்போது ஒரு கவனம் வேண்டும். தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22-இல் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. பெண்களின் விகிதம் இங்கே ஆண்களுடையதைவிடச் சற்று மேலே. அதன் பிறகு 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்து, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வருகிற மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்கு அதே போன்ற தமிழ்ப்புதல்வன் திட்டம் வந்தது. முப்பது ஆண்டுக்கு முன் கல்லூரி வாசலுக்கு வந்த பெண் பல சல்லடைகளைத் தாண்டி வந்தவள், அவளுடைய சராசரி உயர்ந்திருந்தால் வியப்பில்லை. இன்று வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்கிற பெண்களும் உங்கள் மாதிரியில் இருப்பார்கள். சராசரி குறைந்து தெரிந்தால் அது வாசல் அகலமானதன் விளைவாக இருக்கலாம். ஊக்கம் சரிந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். தகவல் படிவத்தில் பாலினம், பாடப்பிரிவோடு இவற்றையும் சேருங்கள்: இந்தப் படிப்பு உங்கள் முதல் விருப்பமா, முடிவு செய்தது நீங்களா, பெற்றோரா, மதிப்பெண்ணா, வீட்டில் முதல் பட்டதாரியா, வேலைக்குப் போகிறீர்களா, பட்டம் முடித்த அடுத்த ஆண்டு என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு விடைகளை அச்சடிக்காமல் இரண்டு வரி இடம் விடுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஆணும் பெண்ணும் கிட்டத்தட்டச் சம அளவில் வருமாறு எடுங்கள். பொறியியலில் பெண்களுக்காக இன்னொரு கல்லூரிக்குப் போக வேண்டியிருக்கும், போங்கள். தானே தேர்ந்தெடுத்தவர்கள், பிறர் தேர்ந்தெடுத்தவர்கள் என்று பிரித்துச் சராசரி எடுத்தால், அந்த வேறுபாடு பாலின வேறுபாட்டையும் பாடப்பிரிவு வேறுபாட்டையும் விடப் பெரிதாக இருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. இதையே ஒரு கருதுகோளாகச் சேர்க்கலாமா என்று உங்கள் வழிகாட்டியிடம் கேளுங்கள். தலைப்பை மாற்ற வேண்டியதில்லை, ஒரு அட்டவணைதான் கூடும். மொழிபெயர்த்த படிவத்தை முதலில் முப்பது பேரிடம் கொடுத்துப் பார்த்துவிட்டு, அந்தத் தாள்களில் நெடுவரிசை டிக் எத்தனை என்று எண்ணிவிட்டுப் பெரிய கணக்கெடுப்புக்குப் போங்கள்.